பத்தமடை என்னும் பெயர்

ஸ்ரீவைகுண்டத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் மணமக்களுக்குப் பாய் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் இன்னும் முற்றாக நின்றுவிடவில்லை. கட்டிலும் மெத்தையும் சீர்வரிசையில் முன்னே செல்ல, சுருட்டிய பாய் ஒன்றும் பின்னே செல்கிறது. எந்த ஊர்ப் பாய் என்று கேட்டால், பத்தமடைப் பாய் என்றே அனைவரும் கூறுகின்றனர். விரித்துப் பார்த்தால், அவற்றுள் சில கோரையாகக்கூட இருப்பதில்லை!

அப்படியாயின் எதைப் பத்தமடைப் பாய் என்பது?

பத்தமடை நமக்கு மேற்கே, சேரன்மகாதேவிக்கு அருகில் உள்ளது. லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் அங்கே தலைமுறைகளாக இத்தொழிலைச் செய்து வருகின்றன. இன்று நெய்வோருள் பெரும்பாலோர் பெண்கள். பச்சைக் கோரையை அறுத்துக் கீறி உலர்த்தி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைக்கின்றனர். ஊறி உப்பிய கோரையை மீண்டும் மெல்லிய கீற்றுகளாக வகிர்கின்றனர். அந்த மென்மையில்தான் பாயின் சிறப்பே அடங்கியிருக்கிறது. பருத்தி நூலைப் பாவாக நீட்டி, கீற்றை நீண்ட குச்சியால் ஊடே செலுத்தி, அச்சினால் அடித்து இறுக்குகின்றனர். இவ்வாறு நெய்த நயமான பாய் துணியைப்போல் மடிகிறது. பட்டுப்பாய் என்ற பெயர் அதற்குச் சும்மா வந்ததன்று.

சிவப்புக் கரையும் நடுவே பூவேலையும் இருந்துவிட்டால் அது பத்தமடை என்பது கடைவீதிக் கணக்கு. கோலத்தை யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம். கோரையை அவ்வளவு மெலிதாக வகிர எல்லாராலும் இயலுமா? காவிரிக்கரை முசிறியிலும் கோரை விளைகிறது, பாய் நெய்கிறார்கள். அதுவும் நேர்மையான பாயே. தன் ஊர்ப்பெயரைச் சொல்லி விற்கும்வரை அதற்கு ஒரு குறையும் இல்லை. பிளாஸ்டிக் பாயையும் நாம் பழிப்பதற்கில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நம் வீடுகள் மூழ்கிக் கிடந்தபோது, ஈரத் தரையில் பிள்ளைகளைப் படுக்கவைக்க அதுவே உதவிற்று. கோரை அங்கே ஈரத்தில் கெட்டிருக்கும்.

சிலர் மறுகோடிக்குச் சென்று, பதிமுகக் கட்டையிலிருந்து எடுத்த சாயம் ஏற்றியதே உண்மையான பத்தமடை, இரசாயனச் சாயம் ஏறியது போலி என்பர். இவ்வாறு பேசுவோர் பெரும்பாலும் பாயைச் சுவரில் மாட்டுகிறவர்கள். அவ்வூரிலேயே முரட்டுப் பாயும் நெய்யப்படுகிறது. சாமானியர் படுத்துறங்குவது அதில்தான். அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், நெய்வோருள் பாதிப்பேரை அவர்களது ஊர்ப்பெயரிலிருந்தே விலக்கியவர்களாவோம். சாயம் மாறலாம், கோலம் மாறலாம். ஆற்றுநீரில் ஊறிய கோரையும், அதை வகிர்ந்து நெய்த அவ்வூர்க் கைகளும் இருக்கின்றனவா என்பதே நமது கேள்வி.

பொருள்களின் ஊர்ப்பெயரைக் காக்க 1999-இல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003-இல் நடைமுறைக்கு வந்தது. பத்தமடைப் பாயும் அக்குறியீட்டைப் பெற்றிருக்கிறது. எனினும் பாய் வாங்கும்போது அதைக் கேட்பவர் எத்தனை பேர்? நயமான பாய் ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அச்சடித்த பாய் அதே பெயரில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது, நெய்தவளிடமே போய், "ஏன் இவ்வளவு விலை?" என்கிறோம். அவள் என்ன பதில் சொல்வாள்? தன் மகளைத் தறியில் உட்காரவைக்கத்தான் அவளுக்கு மனம் வருமா?

வாங்குவோர் பாயைப் புரட்டிப் பார்க்கட்டும், மடித்துப் பார்க்கட்டும், நெய்தவர் யார் என்று கேட்கட்டும். மணமக்களின் பெயரையும் மணநாளையும் பாயிலேயே நெய்து கொடுக்கும் வழக்கமும் அங்கே உண்டு. அதை விரும்புவோர், கோவிலில் ஓலை கொடுப்பதற்கு முன்பே பத்தமடைக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து முடிப்பதற்குள் அந்தப் பாய் தறியைவிட்டு இறங்காது.