வலை பின்னாத சிலந்தி

சிலந்தி என்றதும் நமக்கு ஒட்டடைதான் ஞாபகம் வரும். வலையே பின்னாமல் செடியிலேயே திரிந்து, பதுங்கிப் பாய்ந்து இரை பிடிக்கும் சிலந்திகளும் உண்டு. நம்ம பாகூர் பக்கம் நெல்வயலில் குனிந்து பார்த்தால் தெரியும். அதில் ஒன்றுதான் லிங்க்ஸ் சிலந்தி. லிங்க்ஸ் என்பது ஒரு காட்டுப்பூனை. பொருத்தமான பெயர்தான்.

எட்டுக் கண்களில் ஆறு அறுகோணமாக அமைந்திருக்கும். கால் முழுக்க முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். பயிர் தூர் கட்டி இலை அடர்ந்த பிறகுதான் வயலுக்குள் குடிவரும். தண்டின் அடியில் இருக்கும் புகையானை ஓநாய்ச் சிலந்தி பார்த்துக்கொள்ள, மேலே பறக்கும் அந்துப்பூச்சிகள் இதன் பங்கு. தினம் இரண்டு மூன்றைப் பிடிக்கும். குருத்துப்பூச்சியின் தாய் அந்து ஒன்று செத்தால் அது இடவிருந்த முட்டைகளும் போச்சு! தன் முட்டைப்பையை மட்டும் இலையில் ஒட்டிவைத்து, குஞ்சு பொரியும்வரை அதன் மேலேயே காவல் இருக்கும்.

போன சம்பாவில் பெரியப்பா, புகையானைப் பார்த்த பயத்தில் இரண்டு முறை மருந்து அடித்தார். புகையானின் முட்டை இலையுறைக்குள் இருப்பதால் அதை மருந்து எட்டுவதில்லை. வெளியே திரியும் சிலந்திகள்தான் முதலில் சாகும். பொரித்து வரும் குஞ்சுகளுக்கு எதிரியே இல்லாத வயல். இப்படித்தான் இந்தோனேசியாவில் புகையான் பெருகி, 1986ல் அதிபர் சுஹார்த்தோ நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்.

நான் பி.காம். படிக்கிறவன், கணக்குதான் கண்ணில் படும். பெரியப்பாவின் நோட்டில் மருந்துக்கு ஒரு வரி, தெளித்தவர் கூலிக்கு ஒரு வரி. சிலந்திக்கு வரி இல்லை (டாக்ஸ் இல்லைங்க, லைன்!). ஆனால் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான் வந்தாலே மருந்து. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரும்வரை பொறுக்கலாம்.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். "குனிஞ்சு எண்ண நீ வர்றியா?" என்றார்.

வரும் சனிக்கிழமை போகிறேன்.