ஷாக் மாட்டியிருக்கும் இடம்

பழைய அமெரிக்கப் பெரிய கார் ஒன்றின் பின்பக்கத்திலிருந்து மேடுபள்ளத்தில் ‘டொக்’கென்று சத்தம் வந்தால், ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்றுதான் பெரும்பாலோர் முடிவுகட்டுவார்கள். புதிதாக ஒரு ஜோடி வாங்கி மாட்டுவார்கள். சத்தம் போகாது. ஷாக்கைப் பிடித்திருக்கும் மவுண்டின் நினைப்பு அப்போதுதான் வரும். துளை நீண்டிருக்கும், அல்லது தகடு கீறியிருக்கும். அதன் மேல் ஒரு துண்டுத் தகட்டை வைத்துப் பற்றவைத்தால் தீர்ந்தது என்பது பட்டறைகளில் வழக்கமான எண்ணம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மவுண்ட் சும்மா உடைவதில்லை. அதை உடைத்தது எது என்று பார்க்காமல் வெல்டிங் மிஷினை மூட்டுகிறவர் இந்த உடைப்பை மூடிவிட்டு அடுத்ததற்கு நாள் குறிக்கிறார்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1977 இல் அளவைக் குறைத்துக் கொண்டுவந்த பெரிய கார்களை எடுத்துக்கொள்வோம். குறைத்த பிறகும் செவ்ரலே காப்ரிஸின் சக்கர இடைவெளி 116 அங்குலம். இந்தக் குடும்பத்தின் கடைசி வண்டிகள் 1996 டிசம்பரில் டெக்சஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் ஆலையிலிருந்து வெளியேறின; அதுவரை போலீஸ் வண்டியாகவும் டாக்ஸியாகவும் அடிபட்டு உழைத்தவை இவை. தனிச் சேசிஸ், பின்னால் ஒரே துண்டான கனத்த ஆக்சில், நான்கு இணைப்புக் கைகள், இரண்டு காயில் ஸ்பிரிங். வண்டியின் பின்பக்கப் பாரம் முழுவதையும் அந்த ஸ்பிரிங்குகளே தாங்குகின்றன. ஷாக் அப்சார்பர் என்ற பெயரே தப்பு. அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கியபின் அது போடும் ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே இருக்கும் எண்ணெய் சின்னத் துளைகளின் வழியே பிதுங்கும்போதுதான் அதற்குப் பலம் வருகிறது. வண்டி அசையாமல் நிற்கும்போது சாதாரண எண்ணெய் ஷாக் மவுண்டின் மேல் சுமை என்று எதையும் ஏற்றுவதில்லை. மேல் மவுண்டை வடிவமைத்தவர் இதை நம்பித்தான் அவ்வளவு மெல்லிய இடத்தில் இரண்டு போல்ட்டை வைத்தார்.

ஆனால் ஓடும்போது கணக்கு வேறு. கரடுமுரடான சாலையில் பின் ஆக்சில் நொடிக்குச் சுமார் பத்து முறை துள்ளும். அப்படி ஒரு மணி நேரம் ஓடினால் 36,000 முறை மவுண்ட் மேலும் கீழும் இழுபடுகிறது. ஷாக்குக்கும் மவுண்டுக்கும் நடுவிலுள்ள புஷ் ரப்பர் நன்றாக இருக்கும்வரை ஒவ்வோர் இழுப்பும் மெத்தையில் விழுந்த மாதிரி. ரப்பர் காய்ந்து நொறுங்கியதும் நடுவில் மயிரிழை இடைவெளி விழுகிறது. அதே இழுப்பு சுத்தியல் அடியாக மாறுகிறது. துளை நீள்வதும் விளிம்பில் கீறல் கிளம்புவதும் இதற்குப் பின்புதான். சில ரூபாய் ரப்பரை மாற்றாததன் விலையைச் சேசிஸ் கட்டுகிறது.

ரப்பர் மட்டும்தான் குற்றவாளி என்றால் பிரச்சினை சுலபம். உடைந்த தகடு வேறு கதைகளையும் சொல்லும். மேல் மவுண்ட் கீழ்நோக்கி இழுபட்டு நெளிந்திருந்தால், அது ஆக்சிலைத் தொங்கவிட்டதன் அடையாளம். இந்த வண்டிகளில் ஆக்சில் எவ்வளவு கீழே இறங்கலாம் என்று எல்லை போடுவதும் ஷாக்தான். சேசிஸில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் ஆக்சிலும் சக்கரமும் பிரேக்கும் சேர்ந்து நூறு கிலோவைத் தாண்டும் பாரம் இரு பக்க மவுண்டுகளின் நான்கு போல்ட்டில் தொங்கும். (இதனால்தான் ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுக்காமல் ஷாக்கைக் கழற்றக் கூடாது, ஆக்சில் சட்டென்று இறங்கும், ஸ்பிரிங் இடத்தை விட்டு வெளியேறும்.) தகடு மேல்நோக்கிப் புடைத்திருந்தால், ஆக்சில் அளவுமீறி மேலே ஏறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது விழுந்துபோயிருந்தால் பெரிய பள்ளத்தில் ஷாக்கே கடைசித் தடுப்பாகி மவுண்டைக் குத்தும். ரப்பர் இருந்தும் புடைத்திருக்கிறதென்றால், எப்போதோ யாரோ காற்றடித்து உயர்த்தும் ஏர் ஷாக் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். டிரெய்லர் இழுக்கவும், அகல டயருக்கு இடம் கிடைக்கப் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தவும் எழுபதுகளில் அமெரிக்க இளைஞர்கள் ஏர் ஷாக்கை விரும்பி மாட்டினார்கள். காற்றடித்த நொடியிலிருந்து ஸ்பிரிங்கின் பாரத்தில் ஒரு பங்கு மவுண்டுக்கு வந்துவிடுகிறது. இரவும் பகலும், வண்டி நின்றாலும் இறங்காத பாரம்.

நெளிவே இல்லாமல் விளிம்பு காகிதமாய் மெலிந்திருந்தால் அது உப்பின் வேலை. குளிர்காலத்தில் பனியுருக்கச் சாலையில் கொட்டும் உப்பு, சேசிஸ் மடிப்புகளில் சேற்றோடு தங்கி இரும்பை உள்ளிருந்து தின்கிறது. கார் நகரமான டெட்ராயிட்டுக்கு அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. கார் நகரத்தின் காலடியிலேயே காரை அரிப்பதற்கான சரக்கும் கிடைத்திருக்கிறது. மேல் போல்ட்டின் நட்டுப் பக்கம் தரைத்தகட்டுக்கு அடியில் ஒடுங்கிக் கிடப்பதால், முப்பது வருடத் துரு பிடித்த பின் போல்ட் கழல்வதைவிட முறிவதுதான் அதிகம். பாடியும் சேசிஸும் ஒன்றாயிருந்த கிரைஸ்லர் பெரிய கார்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பின் ஷாக்கின் மேல்முனை மாட்டியிருப்பது பாடியின் குறுக்குச் சட்டத்தில்தான், அது போனால் தரையும் கூடப் போகிறது.

ஏர் ஷாக்கை நான் வீணாகத் திட்டுவதாகச் சிலர் சொல்லலாம். ஜெனரல் மோட்டார்ஸே காற்றால் மட்டம் பார்க்கும் அமைப்பைக் கூடுதல் வசதியாக விற்றதே என்பார்கள். விற்றது உண்மை. ஆனால் அது சாமான் ஏற்றியதும் தாழ்ந்த பின்பக்கத்தைப் பழைய உயரத்துக்கு மட்டும் கொண்டுவந்து, இறக்கியதும் காற்றை விட்டுவிடும். வண்டியை நிரந்தரமாகத் தூக்கி நிறுத்துவது வேறு காரியம். சோர்ந்த ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றை நம்புகிறவர் புது ஸ்பிரிங் வாங்கட்டும். மவுண்ட் தானே பிழைத்துக்கொள்ளும்.

இரண்டாவது மறுப்புக்கு வலு அதிகம். காரணம் எதுவானால் என்ன, இரண்டு மடங்கு தடித்த தகட்டைப் போட்டுவிட்டால் எந்தச் சுமையையும் தாங்குமே? தகடு தாங்கும், பக்கத்து இரும்பு தாங்காது. வளையாத தடித்த துண்டு முடியும் கோட்டில்தான் மெல்லிய பழைய தகடு முழு வளைவையும் வாங்க வேண்டியிருக்கும், வெல்டிங் சூட்டில் தளர்ந்த இடமும் அதுவே. அடுத்த கீறல் ஒட்டின் ஓரத்திலேயே ஓடும். பழைய தகட்டின் கனத்துக்கு நெருங்கிய கனம், முனைகள் வட்டமாக, சற்று அகலப் பரவிய துண்டு: இதுவே நியாயமான ஒட்டு. கீறலின் நுனியில் சின்னத் துளையிட்டு அதன் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். துருவை வெள்ளை இரும்பு தெரியும்வரை வெட்டியெடுக்க வேண்டும், ஏனென்றால் துருவின் மேல் வெல்டிங் பிடிக்காது. பெட்ரோல் டாங்கும் பிரேக் குழாயும் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன என்பதை மறந்தால் மவுண்டைப் பற்றிய விவாதமே தேவைப்படாது.

இவ்வளவு பாடுபட அந்த வண்டி தகுமா என்று கேட்பவருக்குப் பாதிப் பதில்தான் என்னிடம் உண்டு. காரணத்தைத் தேடுவதற்கு ஒரு டார்ச்சும் அரைமணி நேரமும் போதும். அதற்குக் கூலி பெரிதில்லை. தேடியபின் கூடும் செலவை வண்டியின் மற்ற இரும்புதான் தீர்மானிக்கும். மவுண்டைச் சுற்றி ஓரடி தூரத்துக்குச் சுத்தியலால் தட்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். மொத்தென்று கேட்டாலோ சுத்தியல் முனை உள்ளே இறங்கினாலோ, ஒட்டுப் போட நல்ல கரை இல்லை. அந்தச் சேசிஸ் துண்டையே மாற்றுவதா, வண்டியை உதிரிபாகத்துக்குக் கொடுப்பதா என்பதே மிச்சமிருக்கும் கேள்வி.