படிக்கட்டில் கேட்ட பெயர்

போன மாதம் சேலத்தில் ஒரு மொட்டை மாடியில் மாணவர்கள் சிலரோடு உட்கார்ந்து 'யுவர் நேம்' பார்த்தோம். மகோடோ ஷின்காய் 2016இல் எடுத்த ஜப்பானிய அனிமேஷன் படம். டோக்கியோ பையனும் மலைக்கிராமத்துப் பெண்ணும் உடல் மாறி வாழ்கிறார்கள். பிறகு ஒருவர் பெயரை ஒருவர் மறந்துபோகிறார்கள். கடைசியில் ஒரு படிக்கட்டில் எதிரெதிரே வந்து, கடந்துபோய், திரும்பி நின்று பெயர் கேட்கிறார்கள். பசங்க கைதட்டினார்கள். எங்களுக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்?

ஆனால் படிக்கட்டு என்றதும் எங்களுக்குத் திருச்செங்கோடுதான் ஞாபகம் வந்தது. ஆணும் பெண்ணும் ஒரே உடலாக நிற்கும் அர்த்தநாரீசுவரர் மலை. 2015 ஜூன் 23 அன்று அந்தக் கோயிலுக்கு ஓமலூர் கோகுல்ராஜ் போனார். பொறியியல் படித்த தலித் இளைஞர். கூட வந்தவர் உடன் படித்த கவுண்டர் வீட்டுப் பெண். காதலா நட்பா என்று கேட்பதே சாதிக்காரன் கேள்வி. இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அங்கிருந்து அவரைக் கடத்திக்கொண்டு போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் தலை துண்டான உடலாகக் கிடந்தார். யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. யுவராஜின் தண்டனையை 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

அந்த வழக்கிலும் ஒரு படம் உண்டு. கோயில் சிசிடிவி எடுத்தது. 2022 நவம்பரில் உயர் நீதிமன்றத்தில் அதைப் போட்டுக் காட்டிக் கேட்டபோது, அதில் இருப்பது தான் இல்லை என்று அந்தப் பெண் சொன்னார். நீதிமன்றம் தானாக முன்வந்து அவமதிப்பு நடவடிக்கை எடுத்தது. அன்று நாங்களும் கொதித்தோம். எத்தனை கூட்டங்களில் அவரைத் திட்டியிருப்போம்!

இதை மாடியில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்தார். "அண்ணா, அவங்க பேசினது தப்புதான். ஆனா பேசிட்டு அவங்க எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகணும்னு யாராவது கேட்டீங்களா?"

எங்களிடம் பதில் இல்லை. கொன்றவர்களுக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிய நாங்கள், தன் முகத்தையே தன்னுடையது இல்லை என்று சொல்லும் இடத்துக்கு ஒரு பெண் எப்படி வந்து சேர்ந்தார் என்று ஒருநாளும் பேசியதில்லை. ஜப்பான் படத்தில் பெயர் மறப்பது மாயம். இங்கே அதற்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது, தெரு இருக்கிறது, ஒரு சாதியே இருக்கிறது. கோகுல்ராஜின் தாய் இழந்ததோடு இதை ஒருபோதும் ஒப்பிட மாட்டோம். ஆனால் இதையும் சாதிதான் செய்தது.

அடுத்து நாகராஜ் மஞ்சுளேவின் 'சைராட்' போடுகிறோம். அதுவும் 2016தான். கடைசியில் அண்ணன்காரன் பரிசுப் பொருட்களோடு வீடு தேடி வரும்போது ஆர்ச்சியின் முகத்தைக் கவனியுங்கள். பர்ஷ்யாவுக்காக அழுத நாம் அவளை அவ்வளவாகப் பேசவில்லை.

அந்த மாணவி முன்வரிசையில் இடம் கேட்டிருக்கிறார். வீட்டில் டியூஷன் என்று சொல்லிவிட்டு வருவாராம்.