காக்கைக் கால் கேட்ட கணக்கு



ஒரு நட்டை முடுக்குவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று கேட்பீர்கள். ஸ்பானரை மாட்டி, பலம் உள்ள மட்டும் இழுத்துவிட்டால் வேலை முடிந்தது என்பதே நம்மில் பலருடைய எண்ணம். கை எட்டாத மூலையில் இருக்கும் நட்டைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

தோட்டத்து டிராக்டரின் இஞ்சினைச் சற்று எட்டிப் பாருங்கள். டீசல் பம்பிலிருந்து ஒவ்வோர் இன்ஜெக்டருக்கும் ஒரு மெல்லிய இரும்புக் குழாய் போகும். அதன் இரு முனையிலும் நட்டு இருக்கும். குழாய் நட்டின் நடுவே புகுந்து வருவதால், மேலிருந்து கவிழ்க்கும் சாக்கெட் அங்கே உட்காராது. குழாய்கள் நெருங்கி நிற்பதால் சாதாரண ஸ்பானரைத் திருப்பவும் இடம் போதாது. இப்படிப்பட்ட இடத்துக்கென்று உள்ளதுதான் 'குரோபூட்' ஸ்பானர். 'காக்கைக் கால்' என்பதே அந்தப் பெயரின் பொருள். ஸ்பானரின் தலையை மட்டும் வெட்டி எடுத்ததுபோல் இருக்கும், பிடி கிடையாது. அதன் வாய் பக்கவாட்டில் புகுந்து நட்டைக் கவ்வும். பின்னால் உள்ள சதுரத் துளையில் ராட்செட்டையோ டோர்க் ரெஞ்சையோ மாட்டித் திருப்ப வேண்டும். குழாய் நட்டின் ஆறு பக்கத்தில் ஐந்தைப் பிடித்துக்கொள்ளும் வகையும் உண்டு. அதைப் பயன்படுத்தினால் நட்டின் முனை எளிதில் மழுங்காது.

டோர்க் ரெஞ்சு என்பது முறுக்கும் விசையை அளந்து காட்டும் கருவி. வேண்டிய எண்ணை வைத்து இழுத்தால், அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று சத்தம் கொடுக்கும். அத்துடன் கையை நிறுத்திவிட வேண்டும்.

என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த பையன் ஒருவன், இப்போது ஒரு செம்பனைத் தோட்டத்துப் பட்டறையில் வேலை பழகுகிறான். ஒரு நாள் மாலை, எண்ணெய்க் கறை போகாத கையோடு வீட்டுக்கு வந்தான்.

"சார், கைநூலில் இந்த நட்டுக்கு 22 நியூட்டன் மீட்டர்னு போட்டிருக்கு. காக்கைக் காலை மாட்டினா 20-ல வைக்கச் சொல்றார் போர்மேன். ஏன்னு கேட்டா, 'நான் ரொம்ப வருஷமா அப்படித்தான் வைக்கிறேன்'ங்கிறார். யார் சொல்றது சரி சார்?"

இருவர் சொல்வதும் சரிதான் என்றேன். அவன் விழித்தான்.

பால்மரக் காலத்துக் காண்டாக் கம்பை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். இரு வாளியும் ஒரே நிறையாக இருந்தாலும், ஒரு வாளி தோளிலிருந்து சற்றுத் தள்ளிப் போனால் அந்தப் பக்கம் தாழும். பாலின் நிறை கூடவில்லை, தூரம்தான் கூடியது. காக்கைக் காலும் அப்படியே. அதை ரெஞ்சின் நேர்கோட்டில் முன்னால் நீட்டி மாட்டும்போது, கைக்கும் நட்டுக்கும் உள்ள தூரம் கூடிவிடுகிறது. ரெஞ்சு 'டிக்' என்று சொல்லும் நேரத்தில், நட்டின் மேல் விழும் முறுக்கு அதைவிட அதிகமாகிவிடும்.

அவனையே அளந்து வரச் சொன்னேன். ரெஞ்சின் சதுர முனையிலிருந்து கைப்பிடியின் நடு வரை 30 சென்டிமீட்டர். சதுரத் துளையின் நடுவிலிருந்து நட்டின் நடு வரை 3 சென்டிமீட்டர். இரண்டும் சேர்ந்து 33. கைநூல் சொல்லும் 22-ஐ 30-ஆல் பெருக்கி 33-ஆல் வகுத்தால் 20 வருகிறது! அஞ்சடித் தரையிலேயே உட்கார்ந்து கணக்கைப் போட்டவன், "இது நம்ம பள்ளிக்கூடத்து விகிதக் கணக்குதானே சார்!" என்றான். பிறகு சற்று யோசித்து, "அப்படின்னா ரெஞ்சு மாறினா இந்த 20 செல்லாதே?" என்று கேட்டான்.

வாசகர்களே, அந்தக் கேள்வியில்தான் எனக்கு மனம் நிறைந்தது. 45 சென்டிமீட்டர் ரெஞ்சாக இருந்தால் விடை 20.6 ஆகும். காக்கைக் காலை ரெஞ்சுக்குச் செங்குத்தாக, 90 பாகையில் மாட்டினால் திருத்தமே வேண்டாம்; 22-லேயே வைக்கலாம். பின்னோக்கி மடக்கி மாட்டினாலோ தூரம் குறையும். எண்ணைக் கூட்டி வைக்க வேண்டும். போர்மேனின் அனுபவம் விடையை அறிந்திருந்தது. அந்த விடை எப்போது மாறும் என்பதைக் கணக்கு அறிந்திருக்கிறது.

திருத்தாமல் 22-ல் வைத்தால் நட்டின் மேல் 24.2 விழும், பத்தில் ஒரு பங்கு அதிகம். இது அற்ப விஷயமன்று. அளவுக்கு மீறி இறுக்கினால் குழாயின் முனை நசுங்கலாம், மரையும் கெடலாம். இளகலாக விட்டாலும் டீசல் கசியும். அந்தக் குழாயில் டீசல் மிகுந்த அழுத்தத்தில் ஓடுகிறது. ஊசிபோல் பீறிட்டால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி ஆனால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கசிவை ஒருபோதும் விரலால் தடவித் தேடக் கூடாது. அட்டைத் துண்டைத்தான் நீட்டிப் பார்க்க வேண்டும்.

பட்டறையில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு இன்னும் சில வார்த்தைகள். டோர்க் ரெஞ்சால் நட்டைக் கழற்றாதீர்கள். அதன் பிடியில் குழாயைச் செருகி நீட்டி இழுக்காதீர்கள். வேலை முடிந்ததும் எண்ணை ஆகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "இவனுக்குக் கணக்கு வரவில்லை, போய் ஸ்பானர் பிடிக்கட்டும்" என்று நம் வீடுகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பிள்ளையும் அதை நம்பி, கணக்குப் புத்தகத்தைக் கட்டிவைத்துவிட்டுப் பட்டறைக்குப் போகிறான். அங்கே ஒரு சிறு இரும்புத் துண்டு அவனிடம் அதே கணக்கைத்தான் கேட்கிறது. பதில் தெரிந்தவன் நாளை போர்மேன் ஆவான். தெரியாதவன் பிறர் சொன்ன எண்ணை வைத்தே காலத்தைக் கழிப்பான். எனவே பிள்ளையைப் பட்டறைக்கு அனுப்புங்கள். அது மதிப்புள்ள தொழில். ஆனால் கணக்கையும் கையோடு கொடுத்தே அனுப்புங்கள்.