பூவும் பொட்டும் வைத்த இன்ஜின்

பொமோனா, கலிஃபோர்னியா
ஞாயிறு இரவு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முழங்கால் வலி இப்போது தேவலையா?

போன வாரம் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா ஓடுற இன்ஜினுக்கு எதுக்குடா பூவும் பொட்டும்?" என்று கேட்டீர்கள். போனில் சிரித்து மழுப்பிவிட்டேன். பதில் சொன்னால் நான் செய்த மடத்தனங்களையும் சொல்ல வேண்டிவரும். பக்கத்தில் உங்கள் மருமகள் உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதல் விஷயம், அந்த இன்ஜின் நன்றாக ஓடவில்லை. அது எனக்குத் தெரிந்ததே பொட்டு வைக்கப் போனபோதுதான்.

வண்டி 1932 ஃபோர்டு மாதிரி. அசல் பாடி என் சம்பளத்துக்கு எட்டாது. இது ஃபைபர் பாடி, புதிதாக வெல்டு செய்த சேசிஸ். 1932-இல்தான் ஃபோர்டு கம்பெனி மலிவு விலை வண்டியில் வி-8 இன்ஜினை வைத்தது. 221 கன அங்குலம், 65 குதிரைசக்தி. அந்த வண்டிகள் பழசாகிக் கைமாறியபோது இந்தப் பக்கத்துப் பையன்கள் வாங்கி, மட்கார்டையும் பானெட்டையும் கழற்றிப் போட்டுவிட்டு, மொஹாவி பாலைவனத்தில் மியூராக், எல் மிராஜ் என்ற காய்ந்த ஏரிப் படுகைகளில் விரட்டினார்கள். எடை குறைய வேண்டும் என்பதற்காகத்தான் கழற்றினார்கள். ஆனால் பானெட் போனதும் இன்ஜின் நடுத்தெருவுக்கு வந்துவிட்டதே! நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டினால் முகப்பெல்லாம் கோலமும் தாமரையும் எழுதுகிறோம், பானெட்டைத் திறந்தால் கிரீஸும் புழுதியும்தான். இங்கே திறக்கப் பானெட்டே இல்லை. முகமே இன்ஜின்தான்.

அலங்காரம் வெறும் மினுக்காகவும் தொடங்கவில்லை. விக் எடல்பிராக் என்ற மெக்கானிக் 1938-இல் தன்னுடைய 32 ஃபோர்டுக்காக இரட்டைக் கார்புரேட்டர் மேனிஃபோல்டு ஒன்றை உருவாக்கினார். அந்தக் கால வி-8இல் வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கும், ஹெட் வெறும் மூடி. அந்த மூடியை அலுமினியத்தில் வார்த்து, கம்ப்ரஷனைக் கூட்டி, மேலே வரிவரியாகத் துடுப்பு வைத்து, செய்தவர் பேரையும் பொறித்து விற்றார்கள். பக்கத்தில் வந்து நிற்கிறவனுக்கு உள்ளே என்ன வேலை நடந்திருக்கிறது என்று அதைப் பார்த்தாலே தெரியும். இப்போது நாங்கள் டேப்பட் கவரில் வைக்கிற துடுப்பு வெறும் அழகுதான், அதை ஒப்புக்கொள்கிறேன். தண்ணீரில் குளிர்கிற இன்ஜினுக்கு மேல்மூடியில் துடுப்பு எதற்கு?

என்னுடையது செவர்லே 350. எழுபதுகளின் நடுவில் வந்த ஒரு பிக்கப் வண்டியிலிருந்து கழற்றியது, பழைய இரும்புக்காரரிடம் வாங்கினேன். ஃபோர்டு உடம்பில் செவர்லே இதயமா என்று முகம் சுளிக்கிற பெரிசுகள் இங்கே உண்டு. ஆனால் மலிவு, எந்த மூலையிலும் பார்ட்ஸ் கிடைக்கும்.

துடுப்பு வைத்த அலுமினிய டேப்பட் கவர் ஒரு ஜோடி வாங்கி வந்து, மாட்டிப் பார்க்கலாம் என்று பழைய தகரக் கவரைக் கழற்றினேன். ஸ்டார்ட்டரைத் தட்டித் தட்டிச் சுற்றவிட்டபோது ஏழாம் சிலிண்டரின் எக்ஸ்ஹாஸ்ட் ராக்கர் மட்டும் மற்றவற்றில் பாதி உயரம்தான் எழுந்தது. புஷ் ராடு வளைந்திருக்கும் என்று பார்த்தேன், நேராகத்தான் இருந்தது. கேமை உருவினால் அந்த ஒரு மேடு மட்டும் சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி மழுங்கியிருந்தது. இத்தனை நாள் ஏழு சிலிண்டரும் ஒரு நொண்டியுமாக ஓட்டியிருக்கிறேன்.

இன்ஜின் பிரிந்துவிட்டது, ஹெட்டையும் மாற்றிவிடலாம் என்று ஆசை வந்தது. 1996 முதல் வந்த பிக்கப்களில் வோர்டெக் என்று ஒரு வார்ப்பிரும்பு ஹெட். காற்று உள்ளே போகும் வழி நன்றாக அமைந்தது. எரி அறை 64 சி.சி.; என் பழைய ஹெட்டில் 76. அதை மாற்றினாலே கம்ப்ரஷன் எட்டரையிலிருந்து ஒன்பதரைக்குப் பக்கத்தில் வந்துவிடும். பழையதாக ஒரு ஜோடி வாங்கி, வால்வு உட்காரவைத்து, பிளாக்கின் தலையில் பூட்டினேன். அதற்கு முன்பே பளபளவென்று ஒரு அலுமினிய மேனிஃபோல்டு வாங்கி வைத்திருந்தேன். தூக்கி வைத்தால் ஒரு போல்ட்கூட இறங்கவில்லை. பழைய ஹெட்டில் மேனிஃபோல்டுக்குப் பக்கத்துக்கு ஆறு போல்ட். வோர்டெக்கில் நாலுதான், கோணமும் வேறு. டேப்பட் கவரும் அதே கதை. பழசுக்கு விளிம்பில் போல்ட், இதற்கு நடுவில். எந்த பார்ட்டை முதலில் வாங்குவது என்று யோசிக்காமல் மினுக்குகிறதை முதலில் வாங்கியவனுக்கு இது வேண்டும்தான். இரண்டையும் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு மறுபடி வாங்கினேன். தொகையை மட்டும் மருமகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

இனி முக்கியமான கதை. இந்த இன்ஜினில் டேப்பட்டுக்கு உருளை கிடையாது, கேமின் மேல் நேராக உரசும். புதுக் கேம் போட்டால் முதல் இருபது நிமிஷம் ஐடிலில் விடக்கூடாது. 2000 சுற்றுக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் எண்ணெய் தெறித்து, டேப்பட் சுழன்று, இரண்டும் ஒன்றோடொன்று பழகும். துத்தநாகம் கலந்த எண்ணெயும் வேண்டும், இப்போது கடையில் கிடைக்கிற சாதாரண எண்ணெயில் அதைக் குறைத்துவிட்டார்கள். இதெல்லாம் படித்துத் தயாராகத்தான் இருந்தேன். புதுக் குரோம் எக்ஸ்ஹாஸ்ட் பைப்புகளையும் அன்றைக்கே மாட்டியிருந்தேன்.

பொழுது சாய்கிற நேரம். ஸ்டார்ட் ஆனது. ஐந்தாவது நிமிஷம் ஷெட் ஓரமாக ஒரு சிவப்பு. வெயில்தான் பட்டுத் தெரிகிறது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் பைப் ஹெட்டிலிருந்து வெளியே வரும் இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு, கொல்லன் உலையிலிருந்து எடுத்த கம்பி போலப் பழுத்திருக்கிறது. இன்ஜினை நிறுத்தினால் கேம் போச்சு. நிறுத்தாவிட்டால் பைப் போச்சு. கை நடுங்கியது.

அப்போது பட்டறையில் கேட்ட உங்கள் குரல்தான் காதில் விழுந்தது: "சைலன்சர் பழுத்தா டைமிங் பின்னாடி இருக்குடா." டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டைத் தளர்த்தி, ஒரு நூல், இன்னொரு நூல் என்று திருப்பினேன். உறுமலில் இருந்த கரகரப்பு விலகித் தெளிந்தது. சிவப்பு மெல்ல அடங்கியது. டைமிங் லைட் வைத்துப் பார்க்கவில்லை, நீங்கள் செய்கிற மாதிரி காதால்தான் வைத்தேன்.

மறுநாள் காரணம் கண்டுபிடித்தேன். முன்பக்கம் அழகுக்காக ஒரு குரோம் டைமிங் கவர் மாட்டியிருந்தேன். அதில் இருந்த முள் என் பழைய புல்லிக்கு உரியது இல்லை. புல்லியில் கோடு வெட்டுகிற இடத்தை செவர்லே கம்பெனி நடுவில் ஒருமுறை மாற்றியிருக்கிறது. பிளக் ஓட்டையில் பிஸ்டனைத் தடுக்க ஒரு போல்ட் வைத்து, இரண்டு பக்கமும் கையால் சுற்றி, உண்மையான மேல்முனையைக் குறித்துப் பார்த்தால், கிட்டத்தட்ட பத்து டிகிரி பொய். பளபளக்கிற முள்ளை நம்பினேன், பழைய காதுதான் காப்பாற்றியது.

பிளக் ஒயர்களிலும் ஒரு பாடம் கிடைத்தது. ஒயர்களைச் சேர்த்துச் சடை பின்னினது போலக் கட்டினேன். பக்கத்துத் தெருவில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, வாழ்நாள் முழுக்க இதே வேலை, வந்து பார்த்துவிட்டு ஐந்தையும் ஏழையும் பிரிக்கச் சொன்னார். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர், அடுத்தடுத்து வெடிக்கிறவை. ஒயர் ஒட்டி ஓடினால் ஐந்தின் மின்சாரம் ஏழிலும் தூண்டப்பட்டு, அது முன்கூட்டியே வெடித்துவிடும். இப்போது சடை ஓரிடத்தில் கலைந்திருக்கிறது. படத்தில் அசிங்கமாக இருக்கிறது என்றீர்களே, அது அதுதான்.

பழுத்த பைப்புகள் நீலமாகிவிட்டன, நடுவில் கொஞ்சம் மஞ்சள். தேய்த்தால் போகாது. மாற்றச் சொல்கிறார்கள், நான் மாற்றவில்லை. எவ்வளவு குதிரைசக்தி கூடியது என்று கேட்காதீர்கள், டைனோவில் ஏற்றிப் பார்க்கவில்லை. நேற்று மலைப்பாதையில் மூன்றாம் கியரிலேயே ஏறியது, அது போதும்.

ஒரே ஒரு தொல்லை பாக்கி. மேனிஃபோல்டின் பின்கடைசியில், டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கீழே, எண்ணெய் கசிந்து பாலிஷ் போட்ட அலுமினியத்தில் ஒரு சொட்டு நிற்கிறது. கார்க் பேக்கிங் வைக்காமல் சிலிக்கான்தான் தடவினேன். நீங்கள் அனபாண்ட் தடவினால் எவ்வளவு நேரம் காயவிட்டு மூடுவீர்கள்? ஈரத்திலேயே மூடுவீர்களா, தோல் கட்டிய பிறகா? அடுத்த சனிக்கிழமை பிரிக்கப் போகிறேன், அதற்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பட்டறைப் பையன்