கோட்டுச்சேரி கிடைக்கவில்லை

காரைக்காலில் இருக்கும் எங்கள் படிப்பகத்தின் புத்தகப் பட்டியலை இணையப் பக்கமாக மாற்றிக் கொடுத்த மறுவாரம் சித்தப்பா அழைத்தார். "தம்பி, கோட்டுச்சேரின்னு தேடினா 11 பேர்தான் வர்றாங்க. நோட்டுல 30 பேருக்கு மேல இருக்காங்களே!"

புத்தகம் கொடுத்தவரின் பெயரோடு ஊரையும் எழுதி வைப்பது படிப்பகத்தின் வழக்கம். நிரவி, நெடுங்காடு, திருநள்ளாறு எல்லாம் சரியாக வந்தன. கோட்டுச்சேரிதான் பாதியில் நின்றது.

காரணத்தைப் பிடிக்க ஓர் இரவு போயிற்று. யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஓகாரக் குறி ஒன்று மட்டும் வரலாம். இரட்டைக் கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பக்கத்தை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டுக்கு அவை வேறு வேறு சொற்கள். பட்டியலின் பழைய பகுதி பாமினி எழுத்துருவில் தட்டச்சாகிப் பிறகு யூனிகோடுக்கு மாறியது. அந்த மாற்றத்தில் கொம்பும் காலும் சேராமலே தங்கிவிட்டன.

இதைச் சரிசெய்ய நிரலில் 'நார்மலைஸ்' என்ற ஒரு கட்டளை போதும். காரைக்காலில் அதற்கு இன்னொரு பயனும் உண்டு. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நிறைவேறியது. பிரெஞ்சுக் குடியுரிமையோடு வாழும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ரெனே என்ற பெயரைப் பிரெஞ்சில் எழுதினால் கடைசி எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு நிற்கும். எழுத்தும் கோடும் ஒரே குறியாகவும் வரலாம், பிரிந்தும் வரலாம். கோட்டுச்சேரிக்கு வந்த சங்கடம் ரெனேவுக்கும் உண்டு. இரண்டையும் அந்த ஒரே கட்டளை தீர்த்தது.

ஊருக்கு வந்திருந்தபோது சித்தப்பாவிடம் காட்டினேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பார்த்துவிட்டுக் கேட்டார்: "சரி, நாளைக்கு நீ வேற எதையாவது மாத்துவ. அப்ப இது திரும்பக் கெட்டுப்போனா யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாது. யாரோ தேடி, கிடைக்காமல், புத்தகம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த எண்ணம் என்னை உறுத்தியது. அன்று மாலையே அலகுச் சோதனைக்கு ஏற்பாடு செய்ய உட்கார்ந்தேன்.

நிரலின் ஒவ்வொரு சிறு துண்டுக்கும் இதைக் கொடுத்தால் இதுதான் வர வேண்டும் என்று எழுதி வைத்து, மாற்றம் செய்யும் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்ப்பதே அலகுச் சோதனை. 1997-இல் நிரலாளர்கள் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் அட்லாண்டா போகும் விமானத்தில் உட்கார்ந்து எழுதிய ஜேயூனிட்தான் இந்தப் பழக்கத்தைப் பரவலாக்கியது. நான் எடுத்துக்கொண்டது க்யூயூனிட். ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பைச் சோதிக்க ஜான் ரெசிக் எழுதியது. 2008-இல் தனிப் பெயர் பெற்றது. இதைவிடப் புதிய கருவிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் இடையில் வந்த ஃபேண்டம்ஜேஎஸ் 2018-இல் நின்றது, கர்மா 2023-இல் கைவிடப்பட்டது. க்யூயூனிட்டுக்கு வேண்டியது ஒரு எச்டிஎம்எல் பக்கம், அதில் இரண்டு பெட்டிகள், ஒரு சோதனைக் கோப்பு. படிப்பகத்தின் பழைய மடிக்கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் போதும், எல்லாம் ஓடிப் பச்சையோ சிவப்போ காட்டும். இரண்டாவது பெட்டிக்குள் நாம் எதை மாற்றினாலும், அடுத்த சோதனை தொடங்குமுன் அது பழையபடி ஆகிவிடும். ஒரு சோதனையின் மிச்சம் அடுத்ததில் ஒட்டாது.

கால் மணி நேரத்தில் ஏற்பாடு முடிந்தது. உண்மையான வேலை அதற்குப் பிறகு சித்தப்பாவின் நோட்டில் நடந்தது. பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தார். இடப்பக்கம் மனிதர்கள் தட்டச்சு செய்வது, வலப்பக்கம் வர வேண்டியது. ஒவ்வொரு வரியும் ஒரு சோதனை.

விக்கிமீடியாவின் ஜேக்வெரி ஐஎம்இ என்ற உள்ளீட்டுக் கருவிக்கும் இப்படித்தான் சோதனை எழுதியிருக்கிறார்கள், அதுவும் க்யூயூனிட்டில்: அழுத்தும் விசைகள் ஒரு பக்கம், பிறக்கும் எழுத்துகள் மறுபக்கம். தமிழ்99 விசைப்பலகை முறையில் காரைக்கால் என்று அடிக்க 9 விசைகள் வேண்டும். யூனிகோடில் அது 10 குறிகள். எழுத்து எத்தனை என்று சித்தப்பாவைக் கேட்டால் 5 என்பார். ஒரே ஊருக்கு மூன்று கணக்கு! அவர் கணக்குதான் வலப்பக்கத்துக்குப் போக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

இந்தக் கணக்கு பிசகினால் என்ன ஆகும் என்பதைத் திருமலைராயன்பட்டினம் காட்டியது. கைப்பேசித் திரைக்காக நீண்ட பெயர்களை 16 குறிகளோடு வெட்டியிருந்தேன். 12 எழுத்துள்ள அந்த ஊர் 20 குறிகள் கொண்டது. வெட்டியதும் 'திருமலைராயன்பட்ட' என்று, 'டி'யின் கொக்கி போய் நின்றது. எழுத்துக் கணக்கில் வெட்டும்படி மாற்றினேன். என் குரோமில் பச்சை. படிப்பகத்து மடிக்கணினியில் சிவப்பு. எழுத்துகளைப் பிரிக்க நான் பயன்படுத்திய 'செக்மென்டர்' வசதி ஃபயர்ஃபாக்ஸுக்கு 2024-இல்தான் வந்தது, அங்கே இருந்ததோ பழைய பதிப்பு. உலாவிக்கான நிரலை உலாவியிலேயே, அதுவும் பயன்படுத்துகிறவர்களின் உலாவியிலேயே சோதிக்க வேண்டும் என்று அன்றைக்கு உறைத்தது.

பிறகு ஔகாரம். கௌரி என்று எழுத வேண்டிய இடத்தில் பலர் ககரம், ஒற்றைக் கொம்பு, ளகரம் என்று அடிக்கிறார்கள். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. 'நார்மலைஸ்' இதைத் தொடாது. யூனிகோடின் பார்வையில் அது பிழையே இல்லை. கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வந்தால் ஔகாரமாக்கு என்று ஒரு வரி எழுதினேன். கௌரி பச்சையானாள், அவளுக்குக் கீழே மூன்று வரிகள் சிவந்தன.

கெளுத்தி. வெள்ளி. வெளியீடு.

சித்தப்பா முன்பே எழுதி வைத்திருந்த சொற்கள். மூன்றிலும் கொம்புக்குப் பின் வருவது மெய்யான ளகரம். சோதனை இல்லாமல் அந்த வரியை ஏற்றியிருந்தால், பட்டியலில் 'வெளியீடு' என்று இருக்கும் ஒவ்வொரு இடமும் சிதைந்திருக்கும். ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் விட்டுவிடு என்று நிபந்தனை சேர்த்தேன். நான்கும் பச்சையாயின. கெளுத்தியை எப்படி நினைத்தீர்கள் என்று கேட்டேன். "அன்னிக்கு உங்க சித்தி அதைத்தான் ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தா" என்றார்.

லக்ஷ்மியில் எத்தனை எழுத்து என்பதற்கு அவரே ஒரு நாள் எடுத்துக்கொண்டார். அதிலுள்ள க்ஷ் என்பதைக் கணினி க், ஷ் என்று இரண்டாகப் பிரிக்கிறது. "அத நடுவுல வெட்டாதே, ஒண்ணாவே வச்சிக்க" என்று கடைசியில் முடிவு சொன்னார். அந்த முடிவுக்கும் ஒரு வரி உண்டு.

இப்போது பக்கத்தில் 60 வரிகளுக்கு மேல் ஓடுகின்றன. போன மாதம் சித்தப்பா ஒன்று சேர்த்தார். இடப்பக்கம் 'காரைக்கால் அம்மையார்', வலப்பக்கம் 'காரைக்காலம்மையார்'. எப்படித் தேடினாலும் அம்மையார் பாடிய அற்புதத் திருவந்தாதி கிடைக்க வேண்டுமாம். லகர மெய்யின் மேல் அகரம் ஏறிப் புணர்வதைப் பொதுவாக எப்படி நிரலில் சொல்வது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. க்யூயூனிட்டில் 'டுடூ' என்று ஒரு வகை உண்டு: இது இப்போது தோற்கும், தெரிந்தே வைத்திருக்கிறோம் என்று குறித்துக்கொள்ளலாம். என்றைக்கு அது தேறுகிறதோ அன்றைக்குக் கருவியே சிவப்புக் காட்டிக் கூப்பிடும். அம்மையாரை அங்கே எழுதி வைத்திருக்கிறேன். சித்தப்பா வாரம் ஒருமுறை பக்கத்தைத் திறந்து பார்க்கிறார்.