பிடி விடாத விளையாட்டு

நைனார்பாளையம் பக்கம் மோட்டார் கொட்டகைக்குப் போகும் பிள்ளைகளை, "ஈரக்கையோட சுவிட்சைத் தொடாதே!" என்று வீட்டில் அதட்டுவார்கள். மத்தியப் பிரதேசத்தின் கபில் பர்மார் வாழ்க்கையைத் திருப்பியதும் ஒரு மோட்டார்தான். சிறுவயதில் வயலில் அதைத் தொட்டவரை மின்சாரம் தாக்கியது. பிறகு பார்வை மங்கியது. டீக்கடையில் வேலை பார்த்தார், ஜூடோவை விடவில்லை.

பார்வைக் குறைபாடுள்ளோர் ஜூடோவில், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்த பிறகே ஆட்டம் தொடங்கும். பிடி நழுவினால், நடுவர் நிறுத்தி மறுபடி பிடிக்கவைப்பார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் கபில் 10-0 என வென்று வெண்கலம் பெற்றார். பாராலிம்பிக்ஸ் ஜூடோவில் இந்தியாவின் முதல் பதக்கம் அது!

ஊர் கிளப்புகள் மோதும் நட்புப் போட்டியிலும் எதிராளி இல்லாமல் ஜூடோ இல்லை. தூக்கிப் போட்டவரும் விழுந்தவரும் ஒருவரையொருவர் வணங்கிவிட்டுத்தான் பாயை விட்டு இறங்குவார்கள்.